முதல் வருடக் கணக்கைப் பையன்களிடம் மறைக்காதீர்கள்: லாரி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும், வெளிமாநில லைனில் வண்டி விட்டிருக்கும் முதலாளிமார் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். 1988-ல் கிளீனராக ஏறி, 2020 ஊரடங்கில் இறங்கியவன். நடுவில் 28 வருடம் ஸ்டியரிங். இப்போது பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை போட்டிருக்கிறேன். உங்கள் வண்டிகளுக்குக் காற்றுப் பிடிப்பதும் டயர் மாற்றுவதும்தான் பிழைப்பு. அதனால் உங்களோடு மல்லுக்கு நிற்க இதை எழுதவில்லை. நின்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

போன மாதம் என் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு முதலாளி சொன்னார்: "டிரைவர் சிக்காம மூணு வண்டி ஷெட்டுல நிக்குதுங்க. நம்மூர்ப் பசங்களுக்கு உடம்பு வணங்கறதில்ல. எல்லாத்துக்கும் ஃபேனுக்கு அடியில உக்காந்து செல்போன் நோண்டற வேலை வேணுமாம்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பழக்க தோஷத்தில் நானும் ஆட்டிவிட்டேன். கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அன்று காலையில் என் அக்கா மகன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, "பாத்துக்க மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

80 பக்க நோட்டு. முனையெல்லாம் சுருண்டு, அட்டையில் டீசல் கறை. 2024 ஆடிப் பதினெட்டுக்கு வண்டி ஏறினவன், இந்த ஆடிப் பதினெட்டோடு இறங்கிவிட்டான். ஏறுகிற அன்றே நான் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: வருகிற ரூபாய், போகிற ரூபாய் எல்லாவற்றையும் எழுதிவை. என் 28 வருடத்தில் நான் எழுதாமல் விட்டது அதுதான். எழுதியிருந்தால் எப்போதோ இறங்கியிருப்பேனோ என்னவோ.

பையனுக்கு வயது 23. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் காத்திருந்து, அதன் பிறகு ஹெவி எடுத்தவன். சட்டம் அப்படித்தான்: லைட் லைசென்ஸ் ஒரு வருடம் கையில் இருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கேட்க முடியும், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்கும் மற்றதுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் செலவழித்தான். அக்காவின் தோடு அடகுக்குப் போனது. ஒரு டிரான்ஸ்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்த மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "தம்பி, ஆறு நடை செகண்டா போ. அப்பறம் மெயின். மாசம் முப்பத்தஞ்சு நிக்கும்" என்றார். நடை என்றால் போய்த் திரும்புகிற ஒரு பயணம்; செகண்ட் என்றால் மாற்றி ஓட்டுகிற இரண்டாவது டிரைவர், மெயின் என்றால் முதல் டிரைவர்; நிக்கும் என்றால் செலவு போகக் கையில் மிஞ்சும்.

'நிக்கும்' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்கு இப்படி: பன்னிரண்டு சக்கர வண்டி, டெல்லி லைன். ஏற்றம் இறக்கம் இரண்டு பக்கமும் சேர்த்து வாடகை சராசரியாக 2,20,000. அதில் நூற்றுக்குப் பதினைந்து டிரைவர் படி என்றால் 33,000. மெயினுக்கு 19,000, செகண்டுக்கு 14,000. மாதம் இரண்டு நடை போனால் மெயின் டிரைவருக்கு 38,000. சாப்பாட்டுக்கு மூவாயிரம் கழித்தால் முப்பத்தைந்து. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

இனி நோட்டு. 12 மாதத்தில் பையன் முடித்தது 13 நடை. இரண்டு மாதத்தில் மட்டும் இரண்டிரண்டு நடை அமைந்தது. ஒரு மாதம் நடையே இல்லை, வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று வாங்க) நின்றது, கூடவே இன்ஜின் வேலையும் வந்துவிட்டது. மற்ற மாதமெல்லாம் ஒன்றுதான். நம் ஊரிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,500 கிலோமீட்டர். ஓசூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று 44-ஆம் நம்பர் ரோட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஆறு நாளில் போய்விடலாம். போவதில் பிரச்சினை இல்லை, வருவதில்தான். இறக்க இரண்டு நாள், மூன்று நாள். ரிட்டன் லோடுக்கு டிரான்ஸ்போர்ட் நகரில் நாலு நாள். நடைக்குச் சராசரி 19 நாள் ஆனது. மொத்தம் 247 நாள் வண்டியில். மிச்சமிருந்த 118 நாளில் வீட்டில் படுத்தது எழுபது நாள் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் புக்கிங் ஆபீஸ் திண்ணையும் ஒர்க்ஷாப்பும்.

வரவு: செகண்டாகப் போன ஆறு நடைக்கு 84,000. மெயினாகப் போன ஏழு நடைக்கு 1,33,000. ஆக 2,17,000. இதைப் பன்னிரண்டால் வகுத்து, 'மாசம் பதினெட்டாயிரம் வருதில்ல' என்று கேட்பீர்கள். வருகிறது. நிற்பது எவ்வளவு என்று பாருங்கள்.

சாப்பாடு நாளைக்கு 250 வீதம் 247 நாளுக்கு 61,750. இரண்டு வேளை கேபினுக்குப் பின்னால் ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்றும் இவ்வளவு. டிரிப் ஷீட்டில், அதாவது நடைக் கணக்குத் தாளில், ஏற்றுக்கொள்ளாத மாமூல், அபராதம் எல்லாம் சேர்த்து 5,600. செல்போன், தாபாவில் குளியல், துணி, நாக்பூரில் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனது என்று 7,250. மூட்டை நனைந்ததற்குப் பிடித்தம் 8,400. மைலேஜ் குறைந்ததற்குப் பிடித்தம் 9,600.

நின்றது 1,24,400. மாதத்துக்கு 10,366 ரூபாய். வருடத்தின் எல்லா நாளுக்கும் பங்கிட்டால் நாளைக்கு 341. வண்டியில் இருந்த நாளுக்கு மட்டும் பங்கிட்டால் 504. நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் 2025-26-க்கு அறிவித்த கூலி 336. அக்காவும் அந்த வேலைக்குத்தான் போகிறது. ஏரிக்கரையில் மண் அள்ளிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் பாயில் படுத்துக்கொள்கிறது.

இந்த ஒரு நோட்டை வைத்து ஊர் முழுக்க இப்படித்தான் என்று சாதிக்க நான் வரவில்லை. எல்.பி.ஜி. டேங்கர் லைனில் கணக்கு வேறு. அதற்குத் தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிப் பதிவு எல்லாம் வேண்டும், முதல் வருடப் பையனை யாரும் அதில் ஏற்றுவதில்லை. மாதச் சம்பளமும் நாள் படியும் கொடுக்கிற முதலாளிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வண்டி டிரைவர் இல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

பிடித்தம் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூட்டை நனைந்த கதை சின்னது. ஜவ்வரிசி லோடு, புரட்டாசி மழை. தார்ப்பாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருப்பதைப் பையன் புறப்படும்போதே காட்டியிருக்கிறான். "இந்த நடை போய்ட்டு வா, வந்து மாத்திக்கலாம்" என்றிருக்கிறார்கள். ஆதிலாபாத் தாண்டி விடிய விடிய மழை. இறக்குகிற இடத்தில் மேலடுக்கு மூட்டைகள் கட்டிதட்டிவிட்டன. சரக்குக்காரப் பார்ட்டி முதலாளியிடம் பிடித்தான், முதலாளி டிரைவர்களிடம் பிடித்தார். ஓட்டைக்கு முதலாளி பொறுப்பா, மழைக்கு வருண பகவான் பொறுப்பா என்ற விவாதத்துக்கே இடமில்லை. செகண்டாக வந்த புதுப் பையன் பொறுப்பாகிவிட்டான்.

மைலேஜ் கதை அப்படிச் சின்னதாக முடிவதில்லை. அந்த வண்டிக்கு லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் என்று நிர்ணயம். போக வர 5,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3.8 கொடுத்தால் 1,316 லிட்டர். 3.7 கொடுத்தால் 1,351. பத்தில் ஒரு புள்ளி குறைந்தால் 35 லிட்டர் போச்சு. லிட்டர் 92 ரூபாய் என்றால் 3,220. புதிதாக ஏறியவனுக்கு மைலேஜ் வராது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்த ஏற்றத்துக்கு எந்த கியர், எவ்வளவு தூரத்துக்கு முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், முன்னால் போகிறவன் பிரேக் அடிப்பான் என்பதை அவன் முதுகைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது — இதெல்லாம் காலுக்குப் படிய ஒரு வருடம் ஆகும். படிகிற வரைக்கும் டீசல் கூடத்தான் குடிக்கும். படிப்பதற்கு ஆகிற அந்தச் செலவைப் படிக்கிறவன் தலையிலேயே கட்டுகிறோம்.

கட்டினால் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? இந்த மாசி மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தர்மபுரி போயிருந்தேன். பையன் ஆக்ராவில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். போன் போட்டு, பஸ்ஸுக்குப் பதில் அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். ஐந்து வருடம் கழித்து லாரி கேபின். நல்லாத்தான் இருந்தது. தொப்பூர் கணவாய் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் பையன் கியர் லீவரை நைசாகத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். இன்ஜின் சத்தம் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பின்னால் இருபது டன் கிழங்கு. எனக்கு வயிற்றுக்குள் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிட்டது. பையன் என் பக்கம் திரும்பிச் சிரித்து, "இந்த எறக்கத்துல ஒரு லிட்டர் மிச்சம் மாமா" என்கிறான். அவன் கால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் பிரேக்குக்கான ஏர் மீட்டர் முள் ஒரு கோடு இறங்குகிறது. இரட்டைப் பாலம் தெரிவதற்கு முன்னாலேயே லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வந்துவிட்டது.

கெட்ட வார்த்தை சொல்லித்தான் கியர் போட வைத்தேன். அதை இங்கே எழுத முடியாது. கீழே இறங்கியதும் ஓரம் கட்டச் சொல்லி, பின் சக்கரத்து டிரம்மில் தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுக் காட்டினேன். சுர்ரென்றது. பையன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் அப்படித்தான் மாமா வராங்க" என்றான்.

தொப்பூரில் எத்தனை வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நியூட்ரலில் இறங்காதே என்று அங்கே போர்டு வைத்திருக்கிறார்கள். போலீஸ் மைக்கில் கத்துகிறது. போர்டைப் படிக்கத் தெரியாமலா பையன்கள் நியூட்ரல் தட்டுகிறார்கள்? டிரிப் ஷீட்டில் 3.8 என்று எழுதியிருப்பதைத்தான் அவர்கள் முதலில் படிக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால் மிச்சமே கிடையாது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இப்போது வருகிற சென்சார் வண்டியில் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் தானாக ஓட டீசல் குடிக்கும். இதைப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. மெக்கானிக் ஷெட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் காலத்தில் இதையெல்லாம் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. நான் நாலு வருடம் கிளீனர். லேலண்ட் காமெட் வண்டி. ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிக் கட்டை போடுவது, கயிறு கட்டுவது, விடியற்காலையில் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைக் கண்டுபிடிப்பது. டிரைவர் அண்ணன் சோறு போடுவார், சோப்பு வாங்கித் தருவார், தீபாவளிக்கு முதலாளி ஒரு செட் துணி எடுப்பார். மூன்றாவது வருடம் ராத்திரி ஆளில்லாத ரோட்டில் அரை மணி நேரம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அதுவும் சுரண்டல்தான், அடியும் உண்டு, அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் அளக்க மாட்டேன். ஆனால் மாதம் இவ்வளவு நிற்கும் என்று அன்று யாரும் ஆசை காட்டவில்லை. கிளீனருக்குச் சம்பளம் இல்லை, தொழில் கற்றுக்கொள்கிறான் என்பது அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும்.

இன்றைக்குக் கிளீனர் என்ற ஆளே போய்விட்டார். செலவு கட்டுபடியாகவில்லை என்று நீங்கள் நிறுத்தினீர்கள். அதிலும் நியாயம் உண்டு. விளைவு, கிளீனர் நாலு வருடத்தில் கற்றதை டிரைவிங் ஸ்கூல் மைதானத்திலிருந்து நேராக வருகிற பையன் முதல் ஆறு நடையில் கற்க வேண்டியிருக்கிறது. அதுவும் இருபது டன்னைத் தலையில் வைத்துக்கொண்டு, கற்கிற செலவையும் தானே கொடுத்துக்கொண்டு.

காத்துக்கிடக்கிற நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் சுற்றினால்தான் டிரைவருக்குக் காசு. நிற்கிற நாளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நிற்கிற நாளில் அவன் சும்மா இருக்கிறானா? டீசல் டேங்கில் குழாய் விடுகிறவனுக்குக் காவல், கயிற்றை அறுத்துத் தார்ப்பாய்க்குள் கை விடுகிறவனுக்குக் காவல். போன கார்த்திகையில் டெல்லியில் காற்று மாசு ரொம்ப மோசமாகி, பி.எஸ். 4 என்கிற பழைய புகை விதியில் வந்த டீசல் லாரிகளை ஊருக்குள் விடாமல் நிறுத்தினார்கள். பையன் வண்டியில் கரூர் ஜவுளி. அத்தியாவசியப் பண்டம் இல்லை என்று பல்வல் பக்கம் ஆறு நாள் கிடந்தார்கள். குளிரில் கம்பளி வாங்கிய 900 ரூபாயும் அவன் நோட்டில் இருக்கிறது, அந்த ஆறு நாளுக்கு வரவு என்று ஒரு பைசா இல்லை. சரி, அது அரசாங்கத்தின் தடை, யாரையும் கேட்க முடியாது. ஆனால் இன்னொரு நடையில் குடோனில் இடமில்லை என்று பார்ட்டியே மூன்று நாள் நிறுத்தி, நாளைக்கு 2,000 வீதம் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் காசு, கொடுத்திருக்கிறான். 6,000 ரூபாய் நேராக முதலாளி கணக்குக்குப் போனது. நின்றது வண்டி என்பது சரி. வண்டியோடு இரண்டு ஆளும் நின்றார்களே?

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது இது: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர லைன் என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் லீவு. இதை என் பஞ்சர் கடையில் ஒரு டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கிற இடத்தை அந்தச் சட்டம் தானாகக் கட்டுப்படுத்தவில்லை. நம் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டி முதலாளிகள்தானே பெரும்பாலும். அதனால் லேபர் ஆபீஸுக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களில் பலர் என்னோடு கிளீனராக இருந்தவர்கள்தான். நிலத்தை விற்று, சீட்டுப் பிடித்து, வண்டி வாங்கி முதலாளி ஆனவர்கள். தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸே பன்னிரண்டு சக்கர வண்டிக்கு வருடம் 43,000-க்கு மேல். டயர், டோல், தவணை. 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பைக் கூட்டியது. பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. ஏற்கெனவே லோடு இல்லாமல் வண்டிகள் வரிசை கட்டி நின்ற லைனில் இடம் இன்னும் மிகுந்ததே தவிர, டன் வாடகை ஏறவில்லை. வாடகையை நிர்ணயிப்பது நீங்கள் இல்லை, புரோக்கரும் கம்பெனிக்காரனும்தான். மேலே இருக்கிறவன் உங்களை நசுக்குகிறான். நசுங்கிய சாறு கீழே கடைசியில் யார் மேல் வழிகிறது என்று மட்டும் பாருங்கள். அங்கே நிற்பது முதல் வருடப் பையன்.

2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிறது. ஆயுத பூஜைக்குப் புது வண்டி எடுக்க ஷோரூம்களில் இப்போதே கூட்டம் என்கிறார்கள். புதிதாகத் தயாராகிற வண்டியில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஏசி வந்துவிட்டால் பசங்கள் தேடி வருவார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. வரட்டும், நல்லதுதான், ஆந்திரா வெயிலில் இன்ஜின் சூட்டோடு வெந்தவன் நான். ஆனால் ஏசியில் உட்கார்ந்து ஓட்டினாலும் ஊருக்கு வந்து நோட்டைத்தான் திறப்பான். பெண் வீட்டாரும் ஏசி இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். மாசம் என்ன நிக்குது என்பார்கள். அடுத்த கேள்வி, ஆக்சிடென்ட் ஆனால் பத்து வருடம் உள்ளே போடுவார்களாமே என்பது. இடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் என்கிற அந்தப் பிரிவை, 2024 ஜனவரி ஸ்டிரைக்குக்குப் பிறகு இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை என்று விளக்குவதற்குள் தாம்பூலத் தட்டு உள்ளே போய்விடும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதுப் பையனை ஏற்றுகிற அன்று 'முப்பத்தஞ்சு நிக்கும்' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நடை செகண்ட், வாடகையில் எத்தனை பங்கு, சாப்பாடு யார் செலவு, எதற்கெல்லாம் பிடித்தம், போன வருடம் இதே லைனில் புதிதாக ஏறியவன் எத்தனை நடை முடித்தான், எவ்வளவு கொண்டுபோனான். கடைசியில் சொன்ன அந்த எண்ணை மட்டும் எழுதினாலே போதும். பத்தாயிரம் என்று தெரிந்தே ஏறுகிறவன் ஏறட்டும். அவன் நடுவழியில் ஜான்சியில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ரயிலேற மாட்டான்.

அதற்கு மேலும் மனம் வந்தால், முதல் வருடத்துக்குப் பங்குக் கணக்கே வேண்டாம். மாதம் 15,000 நிலையாக, வண்டியில் இருக்கிற நாளுக்கு 300 படி. என் அக்கா மகன் கணக்குக்கே போட்டுப் பார்த்தேன்: சம்பளம் 1,80,000, படி 74,100, ஆக 2,54,100. நீங்கள் கொடுத்ததைவிட 37,100 கூடுதல். டிரைவர் இல்லாமல் ஒரு வண்டி ஷெட்டில் ஒரு மாதம் நின்றால் கட்டுகிற தவணையில் இது பாதிகூட வராது. முதல் ஆறு நடைக்கு மைலேஜ் பிடித்தம் கூடவே கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மற்றதெல்லாம் காசு, இது தொப்பூர். ஹால்டிங் வந்தால் பாதி வண்டியில் நின்றவர்களுக்கு. டிரிப் ஷீட்டில் ஒரு நகல் அவன் கையில். ஓட்டுநர் நலவாரியத்தில் அவன் பெயரைப் பதிந்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு கையெழுத்துதான் செலவு.

பையன் இப்போது உள்ளூரில் கார் ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருக்கிறான். கூப்பிடுகிற நாளுக்கு ஆயிரம் ரூபாய், ராத்திரி சோறு வீட்டில். வாரம் நாலு நாள் கூப்பிட்டால் பெரிது. லாரியை விட்டதில் அவனுக்கும் வருத்தம்தான். பைபாஸில் நின்றுகொண்டு போகிற வண்டியை எல்லாம் பார்க்கிறான். உங்களில் இரண்டு பேர் புது வண்டி எடுக்கிறோம், மெயினாக ஏறு என்று அவனுக்குப் போன் செய்திருக்கிறீர்கள். "என்ன மாமா சொல்லட்டும்?" என்று நேற்றுக் கேட்டான். தாளில் எழுதித் தருவார்களா என்று முதலில் கேள், ஆயுத பூஜை வரைக்கும் சரி என்று சொல்லாதே என்றிருக்கிறேன்.

நோட்டு என் கடையில் கல்லாப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. காற்றுப் பிடிக்க வண்டி வரும்போது நீங்களும் கூட வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய டிரைவர், பஞ்சர் கடைக்காரன்
நாமக்கல் பைபாஸ்
15-9-2025